அல் கிரீனின் சிறந்த பாடல்கள்: புதிதாகக் கேட்க வருபவர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க சோல் இசைப் பாடகர் அல் கிரீனை இதுவரை கேட்டதே இல்லை. எங்கே தொடங்கலாம்?

ஹை ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1975இல் வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பில் தொடங்குங்கள். மொத்தம் 10 பாடல்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'டயர்ட் ஆஃப் பீயிங் அலோன்', 'கால் மீ', 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ', 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' என்று அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற பாடல்கள் பெரும்பாலும் இதில் இருக்கின்றன. பின்னாளில் சிடியாக வந்த பதிப்புகளில் இன்னும் சில பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பு கிடைத்தாலும் சரி. பாடல்களைக் கலைத்துப்போடாமல், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அவ்வளவுதான் நிபந்தனை.

தொகுப்பில் தொடங்குவது தவறு, முழு ஆல்பங்களைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்களே?

பல கலைஞர்கள் விஷயத்தில் அது சரி. இருபது ஆண்டுப் பாடல்களைப் பல ஊர்களிலிருந்தும் பல தயாரிப்பாளர்களிடமிருந்தும் பொறுக்கி ஒன்றாகத் தைத்தால் தையல் தெரியத்தான் செய்யும். இந்தத் தொகுப்பில் தையலே தெரியாது. 10 பாடல்களும் 1970களின் முதல் சில ஆண்டுகளில் வெளியானவை. மெம்பிஸ் நகரில் ஒரே ஸ்டூடியோவில், ஒரே தயாரிப்பாளரின் மேற்பார்வையில், ஏறக்குறைய அதே வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்யப்பட்டவை. டிரம்ஸ் ஒலிக்கும் விதம்கூட பாட்டுக்குப் பாட்டு மாறுவதில்லை. அதனால் இது ஒரு தனி ஆல்பமாகவே கேட்கக் கிடைக்கிறது. அவருடைய ஆல்பங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் வேறொன்றைச் சொல்வேன். கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் முதல் வாசல் இதுதான்.

சோல் இசை என்றால் என்ன?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் முறையான காஸ்பலும், நடனக் கூடங்களில் ஒலித்த ரிதம் அண்ட் புளூஸும் 1950களின் பிற்பகுதியில் ஒன்றுகலந்ததில் பிறந்தது. கடவுளை நோக்கிப் பாடிய அதே உருக்கத்தோடு காதலியை நோக்கிப் பாடினார்கள். இதைப் பக்தர்களில் பலர் பாவம் என்றே கருதினார்கள். இந்தச் சண்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அல் கிரீனின் வாழ்க்கை முழுக்க அது கூடவே வருகிறது.

அவர் எங்கிருந்து வந்தவர்?

1946 ஏப்ரல் 13 அன்று ஆர்கன்ஸா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் பிறந்தார். தந்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுத விவசாயி. குடும்பம் பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. சகோதரர்களோடு சேர்ந்து சிறுவயதிலேயே தேவாலயங்களில் பாடினார். பதின்ம வயதில் சோல் பாடகர் ஜாக்கி வில்சனின் பாடல்களைக் கேட்டதற்காக, பக்தியில் கண்டிப்பான தந்தை அவரை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார். சோல் இசை ஏன் ஒரு குடும்பத்தைப் பிளக்கக்கூடியதாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

1967இல் 'பேக் அப் டிரெய்ன்' என்ற பாடல் ஓரளவு வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு வந்த எதுவும் எடுபடவில்லை. சிறிய ஊர்களின் மேடைகளில் பாடிக்கொண்டு அலைந்த அந்தக் காலத்தில்தான் டெக்சஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் வில்லி மிட்செலைச் சந்தித்தார்.

வில்லி மிட்செல் யார்? எல்லோரும் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்களே?

சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மிட்செல் டிரம்பெட் வாசிப்பவர், சொந்தமாக இசைக்குழு நடத்தியவர், ஹை ரெக்கார்ட்ஸின் தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளரும்கூட. மிட்லண்டில் அந்த இளைஞரின் குரலைக் கேட்டதும் மெம்பிஸுக்கு வரச் சொன்னார். நட்சத்திரமாக எவ்வளவு காலம் ஆகும் என்று கிரீன் கேட்டாராம். ஒன்றரை ஆண்டு என்றார் மிட்செல். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்று கிரீன் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில் கடனை அடைப்பதற்காக மிட்செலிடம் 1,500 டாலர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர், மெம்பிஸ் வந்து சேர்ந்தார். இருவரும் பேட்டிகளில் இந்தச் சந்திப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

மிட்செல் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ஸ்டூடியோவுக்கு வந்த புதிதில் கிரீன் உரக்கப் பாடினார். ஜாக்கி வில்சன், சாம் குக், வில்சன் பிக்கெட் ஆகியோரின் குரல்கள் அவர் தொண்டைக்குள் மாறிமாறி வந்தன. மிட்செல் அவரை மெல்லப் பாடச் சொன்னார். இன்னும் மெல்ல என்றார். மற்றவர்களைப் போல் பாடாமல் அல் கிரீனாகப் பாடும்படி விடாமல் வற்புறுத்தினார். 1969இல் வந்த 'கிரீன் இஸ் புளூஸ்' ஆல்பத்தையும் 1972இல் வந்த 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு குரல் எப்படித் தன்னைக் கண்டுகொண்டது என்பது காதிலேயே தெரியும்.

அந்த ஸ்டூடியோவுக்கும் அப்படி ஏதாவது சிறப்பு உண்டா?

உண்டு. ராயல் ஸ்டூடியோஸ் முன்பு ஒரு சினிமா தியேட்டராக இருந்தது. பார்வையாளர் இருக்கைகளுக்காகச் சரிவாகக் கட்டப்பட்ட தரையை அவர்கள் மாற்றவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு பாடல்களைப் பதிந்தார்கள். இந்தப் பாடல்களில் எந்த ஓசையும் காதைக் குத்துவதில்லை. கனமும் வெதுவெதுப்பும் சேர்ந்து வருகிற ஒலி அது. அந்த ஒலியில் கட்டடத்துக்கும் பங்கு உண்டு.

கட்டடத்தைவிட முக்கியம், உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். மூன்று ஹாட்ஜஸ் சகோதரர்கள்: கித்தாரில் டீனி, பேஸ் கித்தாரில் லீராய், ஆர்கனில் சார்ல்ஸ். டிரம்ஸில் சில பாடல்களுக்கு ஹாவர்ட் கிரைம்ஸ், சில பாடல்களுக்கு அல் ஜாக்சன் ஜூனியர். ஜாக்சன் அதே நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் ஏற்கெனவே புகழ்பெற்றவர். பின்னணியில் டோனா ரோட்ஸ், சாண்ட்ரா ரோட்ஸ், சார்ல்ஸ் சால்மர்ஸ் ஆகிய மூவரின் குரல்கள். பித்தளை வாத்தியங்களுக்கு மெம்பிஸ் ஹார்ன்ஸ் குழுவினர். இவர்களில் யாரும் தன் திறமையைக் காட்டுவதற்காக ஒரு சுரத்தைக்கூட கூடுதலாக வாசிக்கவில்லை. லீராயின் பேஸை மட்டும் ஒரு பாட்டு முழுக்கப் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

பாடல்களில் எதையெல்லாம் கவனித்துக் கேட்பது?

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. எனக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் அவருக்கு முதலிடம் கிடைத்தது அந்த ஒருமுறைதான். மெட்டு மிட்செலும் ஜாக்சனும் உருவாக்கியது. வரிகளை கிரீன் எழுதினார். இவ்வளவு மெல்லிய குரலில் பாடினால் எடுபடாது என்று கிரீன் தயங்கினார், மிட்செல் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் டிரம்ஸைக் கவனியுங்கள். இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும் அந்தக் கனத்த, மூடிய ஒலிதான் இந்த ஸ்டூடியோவின் கையெழுத்து. பிறகு கிரீன் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வருவதைக் கவனியுங்கள். அவசரமே இல்லை. சேர்ந்தே இருப்போம் என்று கெஞ்சுகிற பாட்டு இது. ஆனால் பாடுபவர் பதற்றத்தை முழுக்க உள்ளே அடக்கிவைத்திருக்கிறார். சில இடங்களில் மட்டும் குரல் உடைந்து, பொய்க்குரலில் மேலே எகிறிவிட்டு உடனே கீழே இறங்கிவிடுகிறது. அந்த இடங்களுக்காகவே பாட்டை மறுபடி வைக்கத் தோன்றும்.

'ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்' பீ ஜீஸ் குழுவின் பாட்டு. 1971இல் அவர்களுக்கு அமெரிக்காவில் முதலிடம் வாங்கித் தந்தது. கிரீன் அதை எடுத்துக்கொண்டு ஆறு நிமிடத்துக்கும் மேல் நீட்டினார். உடைந்த மனதை எப்படி ஒட்டவைப்பது என்று மூலப்பாட்டு கேட்கிறது. கிரீனின் வடிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆர்கன் மெதுவாக மூச்சுவிடுகிறது. அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு சங்கதி போடுகிறார், சில சமயம் சொல்லையே விட்டுவிட்டு முனகுகிறார். மூலத்தை நேசிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டு இப்போது அல் கிரீனுடையது என்பதுதான் என் எண்ணம்.

'ஐ கான்ட் கெட் நெக்ஸ்ட் டு யூ' டெம்டேஷன்ஸ் குழு 1969இல் பாடிப் பெரும் வெற்றி கண்ட வேகமான பாட்டு. கிரீன் அந்த வேகத்தை வெட்டினார். தரையோடு ஊர்ந்துவரும் புளூஸாக அதை மாற்றினார். இந்தத் தொகுப்பில் அவர் உரக்கப் பாடும் இடம் இதுதான். மிட்செலின் பாடம் முழுதாகச் சேர்வதற்கு முந்தைய கட்டம். மற்ற பாடல்களோடு ஒப்பிட்டுக் கேட்க ஏற்றது.

'கால் மீ' பாட்டில் பின்னணிக் குரல்களையும் வயலின்களையும் கேளுங்கள். பிரிந்துபோகிறவளைத் தடுக்கவில்லை, போ என்கிறார். ஆனால் எப்போதாவது தோன்றினால் கூப்பிடு என்கிறார். அவ்வளவு பெரிய மனதோடு சொல்லப்பட்ட பிரிவுப் பாட்டு அபூர்வம்.

'லவ் அண்ட் ஹாப்பினஸ்', 'டேக் மீ டு த ரிவர்' இரண்டும்தான் எனக்குத் தெரியும். 1975 தொகுப்பில் அவை இல்லையே?

ஆம், முதல் பதிப்பில் இல்லை. 'லவ் அண்ட் ஹாப்பினஸ்' 1972இன் 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ' ஆல்பத்தில் வந்தது. அமெரிக்காவில் அப்போது தனி இசைத்தட்டாக வெளியிடப்படவில்லை. டீனி ஹாட்ஜஸும் கிரீனும் சேர்ந்து எழுதியது. தொடக்கத்தில் கித்தாரும், காலால் தட்டும் தாளமும், கிரீனின் குரலும் மட்டும். பிறகு முழு வாத்தியக்குழுவும் உள்ளே நுழையும் அந்த நொடியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

'டேக் மீ டு த ரிவர்' 1974இன் ஆல்பம் ஒன்றில் இடம்பெற்றது. அதையும் இதே இருவர்தான் எழுதினார்கள். நிறுவனம் கிரீனின் வடிவத்தைத் தனி இசைத்தட்டாக்காமல், அதே நிறுவனத்தில் பாடிவந்த சில் ஜான்சனின் வடிவத்தை 1975இல் வெளியிட்டது. அது வெற்றியும் பெற்றது. 1978இல் டாக்கிங் ஹெட்ஸ் குழு இதைப் பாடி வேறொரு கூட்டத்திடம் கொண்டுசேர்த்தது. ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுவதையும் காதல் வேட்கையையும் ஒரே மூச்சில் பாடும் பாட்டு. மேலே சொன்ன அந்தப் பழைய சண்டை இங்கே உச்சத்துக்கு வருகிறது. தொகுப்பைக் கேட்டு முடித்ததும் இந்த இரண்டையும் தேடிக் கேளுங்கள்.

ஆங்கில வரிகள் முழுதாகப் புரியவில்லை. அப்படியும் ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். வரிகள் மிக எளிமையானவை: தனிமை அலுத்துவிட்டது, சேர்ந்தே இருப்போம், இன்னும் உன்னை நேசிக்கிறேன். இரண்டாம் முறை கேட்கும்போதே பெரும்பகுதி பிடிபட்டுவிடும். தவிரவும், அவர் பாதி நேரம் சொற்களைப் பாடுவதே இல்லை. பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தில் வரிகள் தீர்ந்துபோன பிறகு, முனகலும் சிரிப்பும் பெருமூச்சும் மட்டும் மிஞ்சுகின்றன. பாட்டின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஒலி மெல்ல அடங்கும்போது அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.

இவ்வளவு வெற்றி பெற்றவர் ஏன் போதகரானார்?

1973இலேயே தனக்கு ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். 1974 அக்டோபரில் மெம்பிஸில் அவருடைய வீட்டில் ஒரு கொடிய சம்பவம் நடந்தது. அவரோடு நெருங்கிப் பழகிய பெண் ஒருவர் கொதிக்கும் சோளக் கஞ்சியை அவர்மீது ஊற்றினார். அவருக்குக் கடுமையான தீக்காயங்கள் ஏற்பட்டன. அந்தப் பெண் அதே இரவில் அந்த வீட்டிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்திரிகைகள் பல ஆண்டுகள் இதை வம்புச் செய்தியாகவே எழுதின. ஒரு பெண் உயிரிழந்த துயரம் அது. அதற்குமேல் அதைக் கிளறுவதில் எனக்கு விருப்பமில்லை.

1976இல் மெம்பிஸில் ஒரு தேவாலயத்தை வாங்கி, முறைப்படி போதகரானார். ஃபுல் காஸ்பல் டேபர்னகிள் என்பது அதன் பெயர். காதல் பாட்டுகளையும் உடனே விட்டுவிடவில்லை. 1977இல் மிட்செல் இல்லாமல் தானே தயாரித்த 'த பெல் ஆல்பம்' வந்தது. அதன் தலைப்புப் பாட்டில் பெல் என்ற பெண்ணிடம் பேசுகிறார்: நான் விரும்புவது உன்னைத்தான், ஆனால் எனக்குத் தேவை அவர் என்கிறார். அவர் என்றால் கடவுள். தந்தை வீட்டைவிட்டு அனுப்பிய நாளிலிருந்து தொடர்ந்த வழக்குக்கு அவரே எழுதிய தீர்ப்பாக அதைக் கேட்கிறேன். 1979இல் சின்சினாட்டி நகரில் மேடையிலிருந்து விழுந்து அடிபட்டதைக் கடவுளின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார். அதன்பின் பல ஆண்டுகள் காஸ்பல் மட்டுமே பாடினார். அந்தப் பாடல்களுக்காக கிராமி விருதுகளும் பெற்றார்.

மறுபடி சோல் பாடினாரா?

பாடினார். 2003இல் 'ஐ கான்ட் ஸ்டாப்' ஆல்பத்துக்காக மிட்செலும் அவரும் மீண்டும் ராயல் ஸ்டூடியோஸில் சேர்ந்தார்கள். 2008இல் டிரம்ஸ் கலைஞர் குவெஸ்ட்லவ் இணைந்து தயாரித்த 'லே இட் டவுன்' வெளியானது. இரண்டில் எனக்குப் பின்னது பிடிக்கும். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவருக்காக வாசிக்கும் ஆல்பம். வயதான குரலிலும் அந்த உடைசல் அப்படியே இருக்கிறது. வில்லி மிட்செல் 2010 ஜனவரியில் காலமானார்.

மற்றவர்கள் பாடிய வடிவங்களில் கேட்க வேண்டியது?

டினா டர்னர் 1983இல் பாடிய 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'. டினாவின் இசை வாழ்க்கையின் இரண்டாம் கட்டம் அந்தப் பாட்டில்தான் தொடங்கியது. கிரீன் அடக்கிவைத்ததை எல்லாம் அவர் வெளியே கொட்டுகிறார். இரண்டும் நல்ல பாட்டுகள், இரண்டும் வேறு மனிதர்கள். 2012 ஜனவரியில் நியூயார்க்கின் அப்போலோ தியேட்டரில் அதிபர் ஒபாமா இதே பாட்டின் முதல் அடியைப் பாடிக்காட்டினார். கிரீனும் அன்று அதே அரங்கில் இருந்தார்.

எதில் கேட்டால் நன்றாக இருக்கும்? இசைத்தட்டு வாங்க வேண்டுமா?

அவசியமில்லை. பேஸ் ஒலி ஒழுங்காகக் கேட்கும் எந்த ஸ்பீக்கரும், சுமாரான ஹெட்போனும் போதும். கைபேசியின் சொந்த ஸ்பீக்கரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லீராய் ஹாட்ஜஸ் முழுதாகக் காணாமல் போய்விடுவார். வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம்தான். ஆனால் முதல்முறை, இரவில், வேறெதுவும் செய்யாமல் கேளுங்கள். இவ்வளவு தணிந்த குரல் இரைச்சலோடு போட்டி போடாது.

தொகுப்பு பிடித்துவிட்டது. அடுத்து?

1973இன் 'கால் மீ' ஆல்பம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹேங்க் வில்லியம்ஸ், வில்லி நெல்சன் ஆகிய இரு கன்ட்ரி இசைக்காரர்களின் பாட்டுகளை இதில் பாடியிருக்கிறார். வெள்ளையர்களின் நாட்டுப்புற இசை என்று பெயர் பெற்றதையும் கறுப்பின மக்களின் சோல் இசையையும் பிரிப்பதாகச் சொல்லப்படும் சுவர் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. அதன்பின் 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ'. அதில் 'சிம்ப்ளி பியூட்டிஃபுல்' என்ற பாட்டை விட்டுவிடாதீர்கள். பிறகு 'த பெல் ஆல்பம்'.

அதே ராயல் ஸ்டூடியோஸில், அதே வாத்தியக்காரர்களோடு பாடிய ஆன் பீபிள்ஸ், ஓ.வி. ரைட் இருவரையும் கேளுங்கள். பீபிள்ஸின் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் த ரெய்ன்' பாட்டின் தொடக்கத்தில் மழைத்துளி விழுவதுபோல் ஒலிக்கும் மின்னணுத் தாளம் 1973இல் புதுமை.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

'டயர்ட் ஆஃப் பீயிங் அலோன்'. 1971இல் அவரை முதன்முதலாகப் பரவலாக அறியவைத்த பாட்டு. சொல்லும் மெட்டும் அவருடையவை. மூன்று நிமிடம்கூட இல்லை. டீனியின் கித்தார் ஒரு சிறு வளைவு போட்டு வழிவிடுகிறது, ஹார்ன்ஸ் வருகிறது, அவர் தொடங்குகிறார். கடைசிப் பகுதியில் குரல் கரகரப்புக்கும் கீச்சுக்கும் இடையே மாறிமாறிப் போவதைக் கேட்ட பிறகும் நேரம் இல்லை என்று தோன்றினால், நாளை கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அன்றே அடுத்த பாட்டுக்குப் போய்விடுவீர்கள்.